குறைந்த விலையில் ஒரு பாட்டு பிளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கு ஒரு சின்ன எம்பி3 பிளேயர் வாங்கி, அவருக்குப் பிடித்த பாட்டையெல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். அதைப் பார்த்து எதிர் வீட்டு மாமி கேட்டார். அப்புறம் சென்னை நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் கூட நடப்பவர்கள், அவர்கள் சொல்லிச் சொந்தக்காரர்கள் என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். விலை எல்லாம் தோராயம். வாங்கும் அன்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போன்லயே எல்லாப் பாட்டும் வருதே, தனியா இன்னொண்ணு எதுக்கு?

எல்லோருக்கும் தேவையில்லை. போனில் சிரமமில்லாமல் பாட்டு கேட்கிறவர் என்றால் இந்தக் காசை நல்ல இயர்போனில் போடுங்கள்.

தனி பிளேயர் யாருக்கு உதவும் என்றால், போன் பக்கத்தில் இருந்தாலே நிம்மதி போகிறவர்களுக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு, அப்புறம் முக்கியமாக வயதானவர்களுக்கு. என் அம்மா போனில் பாட்டு போட்டால் நடுவில் விளம்பரம் வரும். அதைத் தள்ளப் போய் வேறு எதையோ தொட்டுவிடுவார். யாருக்கோ வீடியோ கால் போய்விடும். அந்தப் பதற்றத்திலேயே பாட்டு கேட்பதை விட்டுவிட்டார். இப்போது தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் கேட்கிறார். அவ்வளவுதான் என்னுடைய காரணம்.

எவ்வளவு ஆகும்? ரெண்டாயிரத்துக்குள்ள உருப்படியா கிடைக்குமா?

கிடைக்கும். திரையும் பட்டனும் உள்ள சாதாரண சீன பிளேயர்கள் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. சத்தம் தெளிவாகவே இருக்கும். மெனு கொஞ்சம் மந்தமாக நகரும், தமிழ் எழுத்து சரியாக வராமல் போகலாம், அவ்வளவுதான் குறை. அதற்கு மேலே, 5,000 முதல் 10,000 வரை, பாட்டில் நுணுக்கம் பார்க்கிறவர்களுக்கான பிளேயர்கள் இருக்கின்றன. ஃபியோவின் ஸ்னோஸ்கை எக்கோ மினி, ஹைபி ஆர்1 இரண்டும் இந்த வகை. சோனியின் ஆண்ட்ராய்டு வாக்மேன் 20,000-ஐத் தாண்டிவிடும். இந்தப் பக்கத்தில் அதற்கு வேலையில்லை.

நான் சொல்கிற கணக்கு இது: கையில் 3,000 இருந்தால் பிளேயருக்கு 1,800, நல்ல மெமரி கார்டுக்கு 400, மிச்சம் இயர்போனுக்கு. எல்லாக் காசையும் பிளேயரில் கொட்டிவிட்டு, கூட வருகிற இயர்போனில் கேட்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பழைய போன் ஒண்ணு டிராயர்ல சும்மா கிடக்கு. அதையே பிளேயர் ஆக்கிடலாமா?

தாராளமாக. செலவே இல்லாத வழி இதுதான், முதலில் இதைச் செய்து பாருங்கள். சிம்மை எடுத்துவிட்டு, தேவையில்லாத ஆப்பை எல்லாம் நீக்கிவிட்டு, ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மியூசிகோலெட் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. இணையமே கேட்காது, விளம்பரம் இல்லை, ஃபோல்டர் ஃபோல்டராகப் பாட்டைக் காட்டும். அதையே முகப்புத் திரையில் தனியாக வைத்துவிடுங்கள்.

ஆனால் பேட்டரியைப் பாருங்கள். பின் மூடி லேசாக உப்பியிருந்தாலும் அந்தப் போன் வேண்டாம். அப்புறம், திரையைத் தொட்டு இயக்குவதே சிரமம் என்கிறவருக்கு இது உதவாது. பட்டன் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஐபாட் இன்னும் விக்கிறாங்களா?

புதிதாக வருவதில்லை. 2001-ல் வந்த ஐபாடை ஆப்பிள் 2022 மே மாதம் நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழையது. பேட்டரியை மாற்ற ஆள் தெரிந்து, கணினி வழியாகப் பாட்டு ஏற்றும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். பார்க்க ஐபாட் நானோ மாதிரியே இருக்கும் சீன பிளேயர்கள் வேறு, உருவம்தான் ஒன்று.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கவா, ஆன்லைன்ல வாங்கவா?

கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். பறக்கும் ரயிலில் வந்தால் சிந்தாதிரிப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் நிற்க இடமிருக்காது. வார நாளில் காலை பதினொரு மணி வாக்கில் போனால் கடைக்காரர் பொறுமையாக எடுத்துக் காட்டுவார்.

போகும்போது உங்கள் மெமரி கார்டையும் இயர்போனையும் கையோடு கொண்டு போங்கள். கார்டில் பத்துப் பாட்டு போதும்: ஒன்று தமிழ்ப் பெயரோடு, ஒன்று அரை மணி நேர நீளத்தில், ஒன்று எம்4ஏ என்ற கோப்பு வடிவில். அந்தக் கார்டைப் போட்டு, கடையிலேயே நின்று இந்த மூன்றையும் பாட வைத்துப் பாருங்கள். பாதியில் நிறுத்தி அணைத்து மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். சத்தத்தை ஒரு புள்ளி வைத்தால் எவ்வளவு கேட்கிறது என்றும் பாருங்கள். சில பிளேயர்களில் மிகக் குறைந்த அளவே காதைத் துளைக்கும். இத்தனையும் ஐந்து நிமிட வேலை.

பீச் ஸ்டேஷன் எதிரில் இருக்கும் பர்மா பஜாரிலும் கிடைக்கும். அங்கே பேரம் உண்டு, பில் கிடைப்பதுதான் கஷ்டம். பில் இல்லாமல் வாரண்டி இல்லை. ஆன்லைனில் திருப்பிக் கொடுக்கும் வசதிக்காக வாங்கலாம், ஆனால் “திருப்பி எடுத்துக்கொள்வோம்” என்பதும் “மாற்று மட்டும் தருவோம்” என்பதும் ஒன்றல்ல. வாங்கும் முன்பே அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

எத்தனை ஜிபி வாங்கணும்? 16 போதுமா, 128 வேணுமா?

32 ஜிபி கார்டு போதும். பாட்டுக் கோப்பின் தரத்தைக் கேபிபிஎஸ் என்ற எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் தரமும் கூடும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி ஆகும். 320 தரத்தில் நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு என்றால் முறையே 5 எம்பி, 12 எம்பி. 32 ஜிபியில் 320 தரத்திலேயே 2,600 பாட்டு பிடிக்கும். நிறுத்தாமல் கேட்டாலும் 200 மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

பிளேயருக்குள்ளேயே இருக்கும் இடத்தை நம்பி வாங்காதீர்கள். கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேயர் போனாலும் கார்டை எடுத்து அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, 32 ஜிபி கார்டு கணினியில் 29.8 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024-ஆல் வகுக்கிறது.

64 ஜிபி கார்டு போட்டேன். கார்டே இல்லைன்னு சொல்லுது. கார்டு போச்சா?

கார்டு நன்றாகத்தான் இருக்கும். 32 ஜிபி வரை உள்ள கார்டுகள் ஃபேட்32 என்ற அமைப்பில் வருகின்றன, 64-லிருந்து எக்ஸ்ஃபேட். விலை குறைந்த பல பிளேயர்களுக்கு இரண்டாவது படிக்கத் தெரியாது. நான் மேலே 32 என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையே ஃபேட்32-க்கு மாற்றிப் பார்க்கலாம். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னலில் 32 ஜிபிக்கு மேல் அந்தத் தேர்வு வராமல் இருக்கும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் வரும். ஃபார்மேட் செய்தால் கார்டில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் பாட்டை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

ஆயிரம் பாட்டு ஏத்தினேன். முதல் இருநூறு நல்லா பாடுது, அதுக்கப்புறம் எல்லாம் கரகரன்னு நிக்குது. பிளேயர் கோளாறா?

பிளேயரைத் திட்டுவதற்கு முன் கார்டைப் பாருங்கள். இது போலி கார்டின் அடையாளம். உள்ளே இருப்பது 4 அல்லது 8 ஜிபியாக இருக்கும். 64 என்று கணினியிடம் சொல்லும்படி எழுதி வைத்திருப்பார்கள். பாட்டு ஏற்றும்போது எந்தப் பிழையும் காட்டாது. இடம் தீர்ந்ததும் எழுதுவதெல்லாம் காற்றில் போகும்.

எனக்கே நடந்தது. அம்மாவுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெயர் மாற்றி, வரிசைப்படுத்தி, 700 பாட்டு ஏற்றினேன். நூற்றுச் சொச்சம்தான் பாடியது. 250 ரூபாய்க்கு 64 ஜிபி என்று ஒரு கடையில் வாங்கிய கார்டு அது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, “இந்த நூறே போதும்மா” என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும், பாட்டு ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியில் சோதித்துவிடுகிறேன். அது கார்டு முழுக்க எழுதி, மறுபடி படித்துப் பார்க்கும். 32 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஓடட்டும், விட்டுவிட்டுச் சமையலைப் பாருங்கள்.

பட்டன் வெச்சதா, டச் வெச்சதா? அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு.

பட்டன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அதிலும் அழுத்தினால் “டக்”கென்று விரலுக்குத் தெரிகிற பட்டன். பளபளவென்று கண்ணாடி மாதிரி தட்டையாக, தொட்டால் வேலை செய்கிற “பட்டன்” இருக்கிறதே, அது டச் திரையை விட மோசம். விரல் பட்டாலே பாட்டு மாறும். வேர்வைக் கையோடு தொட்டால் வேலை செய்யாது. சென்னையில் வருடத்தில் பத்து மாதம் வேர்வைக் கைதான்.

ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் தனிப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் ஒலிக்கும் அடுத்த பாட்டுக்கும் ஒரே பட்டன்தான். சட்டென்று அழுத்தினால் ஒன்று, பிடித்து அழுத்தினால் மற்றது. வயதானவர்களுக்கு அது பிடிபடவே பிடிபடாது. பக்கவாட்டில் பூட்டுப் பட்டன் இருந்தால் மடியில் வைத்திருக்கும்போது தானாக மாறாது.

அம்மாவின் பிளேயரில் நடுப் பட்டனில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன், மெரூன் வெல்வெட் பொட்டு. கண்ணாடி போடாமலேயே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். மாதம் ஒரு தடவை பொட்டு தேய்ந்து விழும், அவரே தன் அட்டையிலிருந்து வேறொன்று எடுத்து ஒட்டிக்கொள்வார்.

ஐயாயிரம் பாட்டோட ரெடிமேடா பெட்டி வருதே, அதை வாங்கிட்டா வேலை முடிஞ்சதில்லையா?

சரிகமாவின் கார்வான் பற்றித்தான் கேட்கிறீர்கள். 2017-ல் வந்தது, தமிழ்ப் பாட்டுகளோடும் தனியாக வருகிறது. பழைய ரேடியோ மாதிரி உருவம், திருகும் குமிழ், ஸ்பீக்கர். வீட்டில் கூடத்தில் வைத்து நாலு பேர் கேட்க நல்ல பொருள். பாட்டு தேடி ஏற்றுகிற வேலை இல்லை என்பது பெரிய நிம்மதி.

ஆனால் உள்ளே இருக்கும் பாட்டு அந்த நிறுவனத்திடம் உரிமை உள்ள பாட்டு. பிடிக்காததை அழிக்க முடியாது. அம்மாவுக்கு வேண்டிய அந்த ஒரு கச்சேரியோ, அந்த ஒரு படப் பாட்டோ அதில் இல்லாமல் போகலாம். பென்டிரைவில் போட்டுச் சொருகிக்கொள்ள வேண்டியதுதான். காதில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடக்கிறவருக்கு அது சரிவராது. பட்டியலைப் பார்த்துவிட்டு, அவர் பாட்டு பாதிக்கு மேல் இருந்தால் வாங்குங்கள்.

பெட்டிக்குள்ளயே இயர்போன் இருக்கே, அது போதாதா?

பெரும்பாலும் போதாது. ஒரு 400 ரூபாய் இயர்போனுக்கு மாறினாலே பாட்டில் வயலினும் மிருதங்கமும் தனித்தனியாகக் கேட்கும். வாங்கும்போது 3.5 மிமீ முனையா என்று பாருங்கள். இப்போது போனுக்கென்று டைப்-சி முனையோடு வருகிறது, அது பெரும்பாலான சின்ன பிளேயரில் வேலை செய்யாது. பெட்டியில் 16 அல்லது 32 ஓம் (மின்தடையின் அளவு) என்று போட்டிருந்தால் சரி. ஸ்டூடியோவுக்கான 80 ஓம், 250 ஓம் ஹெட்போனைச் சின்ன பிளேயரால் இழுக்க முடியாது, சத்தம் முனகலாக வரும்.

காதுக்குள் ரப்பர் போகிற வகை சில பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்குக் காது மேல் உட்காரும் மெல்லிய பஞ்சு ஹெட்போன் நல்லது; பஞ்சை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

புளூடூத் கட்டாயம் வேணுமா?

வேண்டாம் என்பது என் கட்சி. பிளேயருக்கு ஒரு சார்ஜ், இயர்போனுக்கு இன்னொரு சார்ஜ். புளூடூத் போட்டால் பிளேயரின் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். விலை குறைந்த பிளேயர்களில் இணைப்பதற்கே நாலு மெனு தாண்ட வேண்டும். காது கேட்கும் கருவியோடு இணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள், பெரும்பாலும் இணையாது. வீட்டில் ஏற்கெனவே புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் போட வேண்டும் என்றால் மட்டும் பாருங்கள்.

எஃப்எம் இருக்கறது லாபமா?

லாபம்தான். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4, வானொலியின் ரெயின்போ 101.4 எல்லாம் நகருக்குள் தெளிவாக எடுக்கும். இயர்போன் வயர்தான் ஏரியல். வயரைச் சுருட்டி மடியில் வைத்தால் இரையும், நீட்டி விட்டால் தெளியும். முன் கேள்வியில் சொன்ன புளூடூத் இயர்போன் மட்டும் இருந்தால் எஃப்எம் கேட்காது, இதற்காகவாவது ஒரு வயர் இயர்போன் சொருக வேண்டும்.

பாட்டுப் பேரெல்லாம் கட்டம் கட்டமா வருதுக்கா. என்ன பண்றது?

பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்கு மருந்து கிடையாது, பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றுவதுதான் வழி. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது; பாட்டுக்குள்ளேயே தலைப்பு, பாடியவர், ஆல்பம் என்று ஒட்டியிருக்கும் குறிப்பையும் மாற்ற வேண்டும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் நூறு பாட்டுக்கு ஒரே நேரத்தில் செய்யலாம்.

சில பிளேயர்களில் தமிழ் வரும், ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். “கொ” என்பது மூன்று துண்டாகத் தெரியும். கடையில் தமிழ்ப் பெயரோடு ஒரு பாட்டு கொண்டு போகச் சொன்னது இதற்காகத்தான்.

வரிசையா ஏத்தினேன், ஆனா முன்னுக்குப் பின் முரணா பாடுது. கச்சேரியில மங்களம் முதல்ல வருது!

இரண்டு காரணம். ஒன்று, பெயரின் அகர வரிசைப்படி பாடுகிறது. எண்ணைப் பெயருக்கு முன்னால் போடுங்கள்: 01 வர்ணம், 02, 03 என்று. 1, 2 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும், அதனால் 01. நூறைத் தாண்டும் ஃபோல்டர் என்றால் 001.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. சில பிளேயர்கள் பெயரையே பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். கணினியிலிருந்து மொத்தமாக இழுத்துப் போட்டால் எழுதப்படும் வரிசை மாறிவிடும். ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்ற வேண்டும், அல்லது ஃபேட்சார்ட் போன்ற கருவியால் கார்டை ஒழுங்குபடுத்த வேண்டும். மேக் கணினியில் ஏற்றினால் ஒவ்வொரு பாட்டோடும் புள்ளியும் கீழ்க்கோடும் வைத்து ஒரு குட்டிக் கோப்பு கூடவே போய் உட்காரும். பிளேயர் அதைப் பாட்டென்று நினைத்துத் தடுமாறும். அவற்றை அழித்துவிடுங்கள்.

ஃபோல்டருக்கு நான் வைக்கிற பெயர்கள்: காலை, மத்தியானம், கச்சேரி, பழைய படம், தூங்கும்போது. பாடகர் பெயரைவிட இது அம்மாவுக்கு எளிது.

ஆப்புக்கு மாசாமாசம் காசு கட்றேன். அதுல டவுன்லோட் பண்ண பாட்டை இதுல போட முடியாதா?

முடியாது. அந்த ஆப்பில் இறக்கியது பூட்டிய கோப்பு. அந்த ஆப் மட்டுமே திறக்கும். நீங்கள் கட்டுவது கேட்பதற்கான வாடகை. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது, அதனால்தான் வாங்கும் முன்பே சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் சிடியிலிருந்து எடுக்கலாம். விற்கும் இடங்களில் காசு கொடுத்து எம்பி3 வாங்கலாம். பழைய பதிவுகள் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, அது எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 வருடம். தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைக்குத் தடையில்லை. ஆனால் போன வருடம் ஒருவர் பாடி வெளியிட்ட அதே கீர்த்தனையின் பதிவுக்கு உரிமை உண்டு.

அப்பாகிட்ட இருநூறு கேசட் இருக்கு. அதை எப்படி இதுல கொண்டு வர்றது?

ஓடுகிற ஒரு டேப் ரெக்கார்டர், கணினி, நடுவில் ஒரு வயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அவ்வளவுதான் சாமான். இன்றைய லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை மைக்குக்கானது. அதில் சொருகினால் இரண்டு பக்கமும் ஒன்றாகி, சத்தமும் உடைந்து கேட்கும். ஸ்டீரியோ லைன்-இன் (டேப் போன்றவற்றின் ஒலியை வாங்கும் துளை) உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு கேட்டு வாங்குங்கள். “மைக்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேண்டாம்.

அவசரம் இதில் நடக்காது. 60 நிமிட கேசட் பதிவாக 60 நிமிடம் ஆகும். இருநூறுக்கு இருநூறு மணி நேரம். அதனால் முதலில் எங்கேயும் கிடைக்காததை எடுங்கள்: தாத்தா பேசியது, அக்கா கல்யாண நாகஸ்வரம், குழந்தை பாடியது. படப் பாட்டு கேசட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வருடக்கணக்காக ஓடாத கேசட்டை, பதிவு செய்யும் முன் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் நாடா தளரும். டேப்பின் ஹெட்டையும் துடைத்துவிடுங்கள்.

ஃப்ளாக், ஹை-ரெஸ்னு பையன் சொல்றான். காதுல வித்தியாசம் தெரியுமா?

எம்பி3 ஒலியில் கொஞ்சத்தை விட்டுவிட்டுச் சுருக்கும், ஃப்ளாக் எதையும் விடாமல் சுருக்கும். ஹை-ரெஸ் என்பது சிடியை விட நுணுக்கமான பதிவு. எம்பி3-யில் 128-க்கும் 320-க்கும் வித்தியாசம் தெரியும். தம்பூராவின் இழைவிலும் ஜால்ராவின் ஓசையிலும் கவனித்துக் கேளுங்கள். 320-க்கும் ஃப்ளாக்குக்கும் பூங்காவிலும் பஸ்ஸிலும் பெரும்பாலோருக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஃப்ளாக் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 25 முதல் 35 எம்பி வரை எடுக்கும், இடமும் பேட்டரியும் அதிகம் போகும்.

சிடியிலிருந்து எடுக்கும்போது கணினியில் ஃப்ளாக்காக வைத்துக்கொண்டு, பிளேயருக்கு மட்டும் 320 எம்பி3 ஆக்கிப் போடுங்கள். கையில் இருக்கும் எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றுவதில் பயனில்லை. போனது திரும்பாது, கோப்புதான் பெருக்கும்.

அப்பாவுக்கு வலது காது சுத்தமா கேக்காது. சில பாட்டுல குரலே வரலைங்கறார்.

அவர் சொல்வது சரி. பழைய ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறு பக்கமும் வைத்திருப்பார்கள். குரல் வலது பக்கம் போனால் அவருக்கு வாத்தியம் மட்டும்தான் கேட்கும். போனில் “மோனோ ஒலி” என்று ஒரு அமைப்பு உண்டு. சின்ன பிளேயரில் பெரும்பாலும் இருக்காது.

மேலே சொன்ன ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்து மோனோவாக்கிச் சேமித்தால் இரண்டு பக்கமும் எல்லாம் கேட்கும். அந்த மாதிரிப் பாட்டு நிறைய இருந்தால் மொத்தமாக மாற்றி, “அப்பா” என்று தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். என்னிடம் இதைக் கேட்டவர் பத்து வருடமாக அந்தப் பாட்டில் வீணை மட்டும்தான் உண்டு என்று அவர் அப்பா நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

கம்ப்யூட்டர்ல சொருகினா சார்ஜ் ஏறுது, ஆனா உள்ள எதுவுமே தெரியலை. சில சமயம் சார்ஜும் ஏறலை.

முதல் கோளாறுக்குக் காரணம் வயர். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயரில் தரவு போகும் இழை இருக்காது. போனில் படம் மாற்ற உதவுகிற வயராக எடுத்துச் சொருகுங்கள்.

இரண்டாவது, டைப்-சி துளை உள்ள மலிவு பிளேயர்களில் வருவது. இரண்டு முனையும் டைப்-சி ஆன வயரில் சார்ஜர் எதிர்முனையைச் சோதித்த பிறகுதான் மின்சாரம் விடும். அதற்குத் தேவையான சின்ன ரெசிஸ்டரைச் சில தயாரிப்பாளர்கள் வைப்பதில்லை. ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பி, மறு முனை டைப்-சி உள்ள வயரில் போட்டால் ஏறும். அந்த வயரைப் பிளேயரோடு ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்தே வையுங்கள்.

ஊருக்குப் போயிட்டு மூணு மாசம் கழிச்சு வந்து பார்த்தா உயிரே இல்லை. பேட்டரி மாத்தலாமா?

முதலில் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியோடு இறங்கிய பேட்டரி சில நேரம் மெதுவாக எழும். எழவில்லை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் பழுதுக் கடையில் காட்டலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு வயரில் பற்றவைத்த சின்ன லித்தியம் பேட்டரி, அதே அளவில் கிடைத்தால் மாற்றிவிடுவார்கள். உப்பியிருந்தால் சார்ஜே போடாதீர்கள், நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஏற்றிவிடட்டும். கத்திரி வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தாம்பரம் ரயில்ல போறப்ப முழு சத்தம் வெச்சாதான் கேக்குது. காது போயிடுமா?

தினமும் அப்படி வைத்தால் கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம். தாம்பரத்திலிருந்து பீச் வரை போய் வருகிறவருக்கு அந்த நாலு மணி நேரம் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிடும்.

மின்சார ரயிலின் இரைச்சலை ஒலியைக் கூட்டி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், வெளிச் சத்தத்தை அடையுங்கள். காதுக்குள் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனை போட்டால் பாதி அளவிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் கொடுப்பார்கள். இடது காதுக்கு ஒரு அளவும் வலது காதுக்கு வேறு அளவும் பொருந்துவது உண்டு, போட்டுப் பாருங்கள். ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும்போதும், பிளாட்பாரத்தில் ஓரமாக நிற்கும்போதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

எல்லாம் செஞ்சு கொடுத்தும் எங்க மாமியார் தொடவே மாட்டேங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

பாட்டை யார் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். நாம் “அவங்களுக்குப் பிடிக்கும்” என்று நினைத்து ஏற்றுவது ஒன்று, அவர்கள் கேட்க நினைப்பது வேறு. என் அம்மாவுக்கு நான் முதலில் ஏற்றியது முழுக்கப் பக்திப் பாட்டு. ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முன்னால் எந்தப் பாட்டெல்லாம் கேட்டீர்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முப்பத்தெட்டுப் பாட்டு சொன்னார். சிலோன் ரேடியோவில் கேட்டதாம். அதில் முப்பத்தொன்று கிடைத்தது. மிச்சம் ஏழை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.